கடல்மேல் செல்லும் வானொலி அலைகள்

சித்தூர், திருப்பதி ஆகிய ஊர்களில் வாழ்வோர்க்குக் கடல் கண்ணுக்கு எட்டாத பொருளாகும். கருங்கற் குன்றுகளும், செம்மண் நிலங்களும், ஏரிகளுமே அவர்கள் நாள்தோறும் காணும் காட்சி. ஆயினும் வானொலி அலைகள் கடலைக் கடந்து எவ்வாறு செல்கின்றன என்பதை விளங்கிக்கொள்வதற்கு இப்பகுதியைவிட ஏற்ற இடம் அரிது எனலாம். பாறை நிலமும், உயர்ந்த மலையும், சற்றுத் தொலைவில் வங்கக் கடலும் இங்கே அடுத்தடுத்து அமைந்துள்ளன. மேலும், 2022 ஏப்ரல் மாதத்தில் மாவட்டங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, அதுவரை நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஸ்ரீஹரிகோட்டாப் பகுதி புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. மலைநாட்டுக்கு உரியதாயிருந்த பெயர் இவ்வாறு ஒரு கடற்கரைக்கும் அங்குள்ள மீனவர்க்கும் உரியதாயிற்று.

கரையில் உள்ளோர் கூறும் சொல் கடலில் உள்ளவன் செவிக்கு எட்டுமா என்னும் கேள்வி வெறும் விஞ்ஞான ஆர்வத்தினால் எழுவதன்று. 2017 நவம்பர் இறுதியில் குமரிமுனைக்கு அருகே ஒக்கிப் புயல் உருவாகி வலுத்தபோது, குமரி மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த படகுகள் பலவற்றுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. நூற்றுக்கணக்கான மீனவர் கரை திரும்பவில்லை. கரையில் செய்தி இருந்தது; அச்செய்தியைப் படகு வரை சுமந்து செல்லும் அலைதான் இல்லை. எந்த அலை, எந்த வேளையில், எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அறிவது ஆகவே உயிர் காக்கும் அறிவாகும்.

மூன்று வழிகள்

வானொலி நிலையத்தின் ஏரியலிலிருந்து கிளம்பும் மின்காந்த அலைகள் மூன்று வழிகளில் தொலைவிடங்களை அடைகின்றன. முதலாவது, நிலத்தையோ நீரையோ ஒட்டித் தவழ்ந்து செல்லும் தரை அலை. இரண்டாவது, மேல்நோக்கிச் சென்று, வானில் மிக உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தால் திருப்பப்பட்டு மீண்டும் பூமியை அடையும் வான் அலை. மூன்றாவது, ஏரியலிலிருந்து வானொலிப் பெட்டிக்கு ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும் நேர் அலை. மத்திய அலை ஒலிபரப்பு பகலில் முதல் வழியையும், இரவில் முதல் இரண்டு வழிகளையும் பயன்படுத்துகிறது. சிற்றலை பெரும்பாலும் இரண்டாவது வழியை நம்பியிருக்கிறது. பண்பலையும், தொலைக்காட்சியும், படகுகளில் உள்ள வி.எச்.எஃப். கருவியும் மூன்றாவது வழியையே சார்ந்தவை.

கடல் இம்மூன்று வழிகளிலும் குறுக்கிடுகிறது. ஆனால் மூன்றிலும் அதன் செயல் ஒரே தன்மையதன்று.

உப்பு நீரும் கருங்கல்லும்

முதலில் தரை அலையை எடுத்துக்கொள்வோம். அலை நிலத்தை ஒட்டிச் செல்லும்போது நிலத்தின் மேற்பகுதியில் சிறு மின்னோட்டங்களை எழுப்புகிறது. நிலம் நல்ல மின்கடத்தியாக இருந்தால் அம்மின்னோட்டங்கள் தடையின்றி ஓடும். அலை இழக்கும் சக்தியும் சிறிதாகவே இருக்கும். நிலம் மின்சாரத்தை எளிதில் கடத்தாததாயின், அலையின் சக்தி நிலத்துள் ஆழ்ந்து சென்று உஷ்ணமாக வீணாகிவிடும்.

கடல்நீரில் கரைந்துள்ள உப்பு அதனைச் சிறந்த மின்கடத்தியாக்குகிறது. அதன் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு ஏறத்தாழ 4 முதல் 5 சீமன்ஸ் வரை உள்ளது. வறண்ட பாறை நிலத்தின் திறன் 0.001 சீமன்ஸ் அளவினது. ஈரமுள்ள நல்ல வயல் நிலத்தின் திறன் 0.01 சீமன்ஸ் அளவினது. அதாவது, கடல்நீர் நிலத்தைவிட நானூறு மடங்கு முதல் நாலாயிரம் மடங்கு வரை மேம்பட்ட கடத்தியாகும்.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். சென்னை வானொலி நிலையம் நெடுங்காலமாக ஒலிபரப்பி வந்த 720 கிலோஹெர்ட்ஸ் என்னும் அதிர்வெண்ணைக் கொள்வோம். இதன் அலைநீளம் ஏறத்தாழ 417 மீட்டர். இவ்வலை கடல்நீரினுள் சுமார் 30 சென்டிமீட்டர் ஆழம் செல்வதற்குள்ளாகவே தன் வலிமையில் மூன்றில் இரண்டு பங்கிற்குச் சற்றுக் குறைவாக இழந்துவிடுகிறது. ஒரு முழ ஆழத்திற்கும் குறைவான மேல்நீரே அதனைத் தாங்கிச் செல்கிறது எனலாம். நிலத்தினுள்ளோ அதே அலை 6 மீட்டரிலிருந்து 19 மீட்டர் வரை ஊடுருவுகிறது. இவ்வளவு பருமனான மண்ணையும் பாறையையும் சூடேற்றிக்கொண்டு செல்லும் அலை விரைவில் களைத்துப்போவதில் வியப்பில்லை.

இப்போது சென்னையிலிருந்து மேற்கே திருப்பதியை நோக்கி ஓர் அலையும், கிழக்கே வங்கக் கடலை நோக்கி மற்றோர் அலையும் ஒரே நேரத்தில் கிளம்புவதாக எண்ணிப் பாருங்கள். திருப்பதி ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதே தூரத்தில் கடலில் நிற்கும் ஒரு படகில் கிடைக்கும் அலைவலிமையோடு ஒப்பிட்டால், இடையில் உள்ள நிலம் வறண்ட பாறையாயின், திருப்பதியில் கிடைக்கும் வலிமை அதில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகிவிடும். கடல் நடுவே எளிய டிரான்சிஸ்டர் பெட்டியில் தெளிவாகக் கேட்கும் நிகழ்ச்சி, அதே தூரத்தில் குன்றுகளுக்கிடையே உள்ள சிற்றூரில் கரகரப்புடன் கேட்பதன் காரணம் இதுவே. வானொலி அலைக்குக் கடல் தடையன்று. அது செப்பனிட்ட பெருஞ்சாலை.

அலைநீளம் மிகுந்தால் தரை அலை மேலும் நெடுந்தூரம் செல்லும். பூமியின் வளைவைச் சுற்றி வளைந்து செல்லும் ஆற்றல் நெடிய அலைகளுக்கே மிகுதி. பண்பலை போன்ற குறுகிய அலைகளுக்குத் தரை அலை என ஒன்று ஒலிபரப்புக்குப் பயன்படும் அளவில் இல்லை என்றே கொள்ளலாம்.

கரை கடந்தபின் வலுப்பெறும் அலை

பாறை நிலத்தில் உள்ள நிலையத்திலிருந்து கடலை நோக்கி அலை சென்றால் என்ன நேரும்? சித்தூர்ப் பகுதியில் ஒரு மத்திய அலை ஒலிபரப்பி இருப்பதாகக் கொள்வோம். அலை நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைக் கடந்து கரையை அடைகிறது. வழிநெடுகச் சக்தியை இழந்த அலை, கடலுக்குள் செல்லச் செல்ல மேலும் தளரும் என்றே நாம் எதிர்பார்ப்போம். உண்மை வேறு. கரையைக் கடந்த சிறிது தூரத்தில் அலையின் வலிமை குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது!

ஜி. மில்லிங்டன் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1949-ல் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். பின்னர் அளவைகளும் அதனை உறுதி செய்தன. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. நிலம் உறிஞ்சுவது தன்னை ஒட்டிய கீழ்ப்பகுதி அலையைத்தான். சற்று உயரத்தில் செல்லும் அலைப்பகுதி அவ்வளவாகக் குறையாமல் வருகிறது. கரையைத் தாண்டியதும் கீழே உறிஞ்சும் நிலம் இல்லை. உப்பு நீர் உள்ளது. அப்போது மேலே உள்ள சக்தி மெல்லக் கீழே இறங்கி, வறுமையுற்ற கீழ்ப்பகுதியை நிரப்புகிறது. ஏரியின் கரையோரத்தில் நீரை இறைத்துக் குறைத்தால், நடுவிலிருந்து நீர் ஓடிவந்து அப்பள்ளத்தை நிரப்புவதைப் போன்றது இது.

இதிலிருந்து கடற்கரை மாவட்டங்களில் பணிபுரிவோர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கரையோரச் சிற்றூரில் ஒரு நிலையம் மங்கலாகக் கேட்கிறது என்பதனால், கடலில் அது முற்றிலும் கேட்காது என்று முடிவு செய்யலாகாது. கரையில் எடுத்த அளவு கடலுக்குப் பொருந்தாது.

பகலும் இரவும்

இரண்டாவது வழிக்கு வருவோம். 1901 டிசம்பர் 12ஆம் நாள் இங்கிலாந்தின் போல்டு என்னும் இடத்திலிருந்து அனுப்பிய குறிப்பொலியை, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்தில் தாம் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். இடைப்பட்ட தூரம் சுமார் 3,400 கிலோமீட்டர். பூமியோ உருண்டை. அதன் வளைவைத் தாண்டி அலை எவ்வாறு சென்றது என்று விஞ்ஞானிகள் திகைத்தனர். அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவில் கென்னலியும், இங்கிலாந்தில் ஹெவிசைடும், வானத்தில் மின்னோட்டத்தைக் கடத்தும் அடுக்கு ஒன்று இருக்கவேண்டும் என்று தனித்தனியே கூறினர். 1924-ல் ஆப்பிள்டனும் பார்னெட்டும் அவ்வடுக்கு உள்ளதைச் சோதனையால் நிலைநாட்டினர். நம் நாட்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிசிர்குமார் மித்ராவும் அவருடைய மாணவர்களும் இத்துறைக்கு வழிகாட்டினர். மேல் வளிமண்டலத்தைப் பற்றி 1947-ல் வெளிவந்த அவருடைய நூல் உலகெங்கும் போற்றப்பட்டது.

1902 பிப்ரவரியில் 'பிலடெல்பியா' என்னும் கப்பலில் மேற்குத் திசையில் பிரயாணம் செய்தபோது மார்க்கோனி மற்றோர் உண்மையைக் கண்டார். பகலில் சுமார் 700 மைலுக்குள் அடங்கிய குறிப்பொலிகள், இரவில் 2,000 மைலுக்கு அப்பாலும் கேட்டன. கப்பல் ஒன்றே, கருவி ஒன்றே, மாறியது பொழுது மட்டுமே.

சூரியனுடைய புறஊதாக் கதிர்களும் ஊடுகதிர்களும் மேல் வளிமண்டலத்து அணுக்களைத் தாக்கி அயனிகளாக மாற்றுகின்றன. இவ்வாறு உண்டாகும் அயனி மண்டலம் பல அடுக்குகளாக உள்ளது. 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அடுக்கு 'டி' எனப்படும். அதற்கு மேல் 100 கிலோமீட்டரை அடுத்து 'ஈ' அடுக்கும், 200 கிலோமீட்டருக்கு மேல் 'எஃப்' அடுக்கும் உள்ளன. மேலடுக்குகள் மத்திய அலையைத் திருப்பி அனுப்ப வல்லவை. ஆனால் பகலில் 'டி' அடுக்கு இடையே நின்று அலையை விழுங்கிவிடுகிறது. அங்குக் காற்று ஓரளவு அடர்த்தியாக இருப்பதால், அலையால் அசைக்கப்படும் மின்னணுக்கள் காற்று மூலக்கூறுகளோடு மோதித் தம் சக்தியை இழக்கின்றன. சூரியன் மறைந்ததும் 'டி' அடுக்கு விரைவில் கலைந்துபோகிறது. திரை விலகிய மேடைபோல் மேலடுக்குகள் வெளிப்பட, அலைகள் அவற்றில் பட்டுத் திரும்பிப் பல நூறு கிலோமீட்டர் தொலைவில் இறங்குகின்றன.

இங்கும் கடல் துணைசெய்கிறது. மேலிருந்து இறங்கிய அலை உப்பு நீரில் பட்டால், மிகச் சிறிய இழப்போடு மீண்டும் மேலே எறியப்படுகிறது. ஆதலால் கடலின்மேல் இரண்டு மூன்று முறை துள்ளிச் செல்லும் அலை, நிலத்தின்மேல் அவ்வாறு செல்லும் அலையைவிடத் தெளிவாகக் கேட்கும்.

இலங்கை வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகளைத் தமிழ்நாட்டு மக்கள் பல்லாண்டுக் காலம் தம் சொந்த நிலையத்தைப் போலவே கேட்டு வந்தனர். 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, 1949-ல் ரேடியோ சிலோன் என்னும் பெயரைப் பெற்றது. தெற்குக் கடற்கரையில் பகலிலும் அது கேட்டதற்கு இடைக்கடலின் உப்பு நீர் துணைநின்றது. இரவில் உள்நாட்டு ஊர்களிலும் தொலைவிலுள்ள மத்திய அலை நிலையங்கள் கேட்பதற்கு 'டி' அடுக்கின் மறைவு காரணமாகும்.

எனினும் இரவின் உதவியில் ஒரு குறையும் உண்டு. நிலையத்திலிருந்து நடுத்தரத் தொலைவில் தரை அலையும் வான் அலையும் ஒருங்கே வந்து சேர்கின்றன. இரண்டும் ஒத்து அசைந்தால் ஒலி மிகும். எதிரெதிராக அசைந்தால் ஒலி அமுங்கும். அயனி மண்டலம் ஓயாது அசைவதால் ஒலி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். புயல் எச்சரிக்கை படிக்கப்படும் வேளையில் ஒலி அமுங்கினால் முக்கியமான சொல்லே தவறிப்போகக் கூடும். எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பப் படிப்பதில் உள்ள நன்மை இதனால் விளங்கும்.

மலையுச்சியும் அடிவானமும்

மூன்றாவது வழியாகிய நேர் அலை, பார்வையைப் போல ஏறக்குறைய நேராகச் செல்வது. ஆதலால் அது அடிவானத்தால் தடைப்படுகிறது. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், வானொலி அடிவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். காற்று அலையைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதால், இது கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தைவிடச் சிறிது மிகுதியாகும். அனுப்பும் ஏரியலுக்கும் பெறும் ஏரியலுக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ளவேண்டும்.

இரண்டு படகுகளில் 4 மீட்டர் உயரத்தில் ஏரியல்கள் இருந்தால், அவை ஒன்றோடொன்று பேசக்கூடிய தூரம் சுமார் 16 கிலோமீட்டர் மட்டுமே. கரையில் 100 மீட்டர் உயரமுள்ள கோபுரத்திலிருந்து 4 மீட்டர் உயர ஏரியலுள்ள படகுக்குச் சுமார் 49 கிலோமீட்டர். பாம்பனில் 2016-ல் மீனவர்களுக்காகத் தொடங்கப்பட்ட 'கடல் ஓசை' போன்ற சமூக வானொலிகள் 30 மீட்டர் உயர ஏரியலைக் கொண்டால், 2 மீட்டர் உயரத்தில் பெட்டி வைத்திருக்கும் படகுக்கு எட்டும் எல்லை 28 கிலோமீட்டர் அளவினதாகும். அண்மைக் கடலில் தொழில்புரிவோர்க்கு இது போதும், ஆழ்கடலுக்குப் போதாது.

உயரத்தின் பயனுக்குத் திருமலையே சான்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரமுள்ள அம்மலைமீது நின்று கணக்கிட்டால், வானொலி அடிவானம் 120 கிலோமீட்டர் தொலைவில் அமைகிறது. ஸ்ரீஹரிகோட்டாக் கடற்கரையோ ஏறத்தாழ 95 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. இடையில் வேறு குன்றுகள் மறைக்காவிடின், மலைமேலிருந்து கிளம்பும் நேர் அலை கரையைத் தாண்டிக் கடலுக்குள்ளும் சிறிது தூரம் செல்லும். அடிவாரத்தில் உள்ள திருப்பதி நகரிலிருந்து அனுப்பினால் அது கரையையே எட்டாது.

காற்றில் அமையும் குழல்

நேர் அலையின் எல்லை அடிவானமே என்று கூறினோம். கடலின்மேல் இவ்விதி சில நாட்களில் மீறப்படுகிறது. காற்றில் உயரம் செல்லச் செல்ல அழுத்தமும், உஷ்ணநிலையும், ஈரமும் குறைவதால், அலை சற்றே கீழ்நோக்கி வளைகிறது என்றோம். கோடைக் காலத்தில் நிலத்தின்மேல் காய்ந்த வெப்பக் காற்று மேற்கிலிருந்து வீசிக் கடலின்மேல் பரவுகிறது. அதன் அடியில், கடலை ஒட்டிக் குளிர்ந்த, ஈரம் மிக்க காற்று தங்குகிறது. கீழே ஈரமும் மேலே வறட்சியுமாகச் சில பத்து அல்லது சில நூறு மீட்டருக்குள் பெரிய மாறுதல் ஏற்படுவதால், அலை பூமியின் வளைவைவிட மிகுதியாகக் கீழே வளைக்கப்படுகிறது. கீழே இறங்கிய அலை கடல்நீரில் பட்டு எழும்; மீண்டும் மேற்காற்றால் வளைக்கப்படும். இவ்வாறு கடலுக்கும் மேற்காற்றுக்கும் இடையே, குழலுக்குள் செல்வது போல, அலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிறது.

இரண்டாம் உலகப்போரின்போது பம்பாயில் அமைத்திருந்த ரேடார் கருவி ஒன்று, கோடை மாதங்களில் அரபிக் கடலுக்கு அப்பால் ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள அரேபியக் கரையின் எதிரொலிகளைக் காட்டியது. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினித் தொலைக்காட்சி தொடங்கிய பின்னர், தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் பலர் உயர்ந்த ஏரியல் நட்டு அதனைக் கண்டு வந்தனர். ஒருநாள் படம் பளிச்சென்று தெரியும். மறுநாள் வெறும் புள்ளிகளே தெரியும். குழல் அமைவதும் கலைவதுமே இதற்குக் காரணம்.

இத்தகைய குழல்களை முன்னறிய, காற்றின் உஷ்ணநிலையையும் ஈரப்பதத்தையும் உயரவாரியாக அளத்தல் வேண்டும். வானிலைத் துறையினர் சென்னை முதலிய இடங்களிலிருந்து பலூன்களில் சிறு கருவிகளைக் கட்டி அனுப்பி இவற்றை அளக்கின்றனர். குழலால் கிடைக்கும் நெடுந்தூரப் பயன் ஒரு வரவே. ஆனால் நம்பத்தக்க வரவன்று. புயற்காற்று காற்றடுக்குகளைக் கலக்கிவிடுவதால், எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் நாளில்தான் குழல் இல்லாமற்போகும்.

காதங்கியிலிருந்து காணும் வானம்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் சாலையில், குன்றுகள் சூழ்ந்த காதங்கி என்னும் சிற்றூரில், தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் உள்ளது. விண்வெளித் துறையைச் சார்ந்த இந்நிறுவனம், 1990-களின் தொடக்கத்தில் பெரிய ரேடார் ஒன்றோடு தொடங்கியது. 2005-ல் இப்பெயரைப் பெற்றது. 130 மீட்டர் பக்கமுள்ள சதுர நிலத்தில், வரிசைக்கு 32 வீதம் 1,024 ஏரியல்கள் நடப்பட்டுள்ளன. 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வானத்தை நோக்கி அனுப்பப்படும் அலை, காற்றின் சிறு கலக்கங்களிலும் அயனிகளின் கொந்தளிப்பிலும் பட்டு மிக நுண்ணிய எதிரொலியாகத் திரும்புகிறது. அதிலிருந்து பல உயரங்களில் வீசும் காற்றின் திசையையும் வேகத்தையும், அயனி மண்டலத்தின் நிலையையும் அறிகின்றனர்.

இவ்விடத்தின் சிறப்பு அதன் இருப்பிடத்தில் உள்ளது. பூமியின் காந்த மத்தியரேகை இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது; காதங்கி அதற்குச் சற்று வடக்கே அமைந்துள்ளது. இப்பகுதியில் சூரியன் மறைந்தபின் 'எஃப்' அடுக்கு விரைந்து மேலெழுகிறது. அப்போது அதன் அடிப்பகுதி நிலைகுலைந்து, அயனி குறைந்த பகுதிகள் நீரினுள் எழும் குமிழிகளைப் போலப் பல நூறு கிலோமீட்டர் உயரத்திற்கு எழுகின்றன. சூரியனில் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில், மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில் இவை மிகுதியாகத் தோன்றும். காதங்கி ரேடார் இக்குமிழிகளின் பிறப்பையும் நகர்ச்சியையும் பன்முறை பதிவு செய்துள்ளது.

மீனவர்க்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஒக்கிப் புயலுக்குப் பின், ஆழ்கடலுக்குச் செய்தி அனுப்புவதற்குச் செயற்கைக்கோள் வழி நாடப்பட்டது. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் எச்சரிக்கைகளைப் பெறும் 'ஜெமினி' என்னும் கருவி 2019 அக்டோபரில் அறிமுகப்படுத்தப்பட்டது. விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் அமைப்பின் செயற்கைக்கோள்கள் வாயிலாக வரும் செய்தியை அது பெற்று, மீனவரின் கைபேசிக்குத் தருகிறது. செயற்கைக்கோளோ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது, அடிவானம் தடையன்று, கரையின் தூரமும் பொருட்டன்று. ஆயினும் அங்கிருந்து இறங்கும் அலை அயனி மண்டலத்தைக் கடந்தே வரவேண்டும். வழியில் குமிழிகள் குறுக்கிட்டால், விண்மீன் மினுக்குவது போல அலை மினுக்குகிறது. கடுமையான வேளைகளில் கருவி அலையைப் பிடிக்க இயலாமற்போகும். வங்கக் கடலின் புயற்பருவமும், இக்குமிழிகளின் பருவமும் அக்டோபரில் ஒன்றையொன்று தொடுகின்றன. மலைகளுக்கிடையே நடைபெறும் ஆராய்ச்சிக்கும் கடலில் மிதக்கும் படகுக்கும் உள்ள உறவு இதுவே.

எந்த ஒரு வழியும் போதாது

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். மத்திய அலையின் தரை அலை பகலிலும் இரவிலும் கடலில் நெடுந்தூரம் செல்லும். எளிய பெட்டியே போதும். ஆனால் இடிமின்னலின் இரைச்சல் அதனைப் பெரிதும் தாக்கும். வான் அலை இரவில் மிக நெடுந்தூரம் செல்லும். ஆனால் ஒலி நிலையாக இராது. நேர் அலை தெளிவானது. ஆனால் அடிவானத்திற்குள் அடங்கியது. செயற்கைக்கோள் எங்கும் எட்டும். ஆனால் தனிக் கருவி வேண்டும். மாலை வேளைகளில் அயனி மண்டலத்தின் இடையூறும் நேரலாம். அண்மை ஆண்டுகளில் நம் நாட்டில் மத்திய அலை ஒலிபரப்பிகள் பல நிறுத்தப்பட்டுப் பண்பலை பெருகியுள்ளது. நிலத்தில் வாழ்வோர்க்கு இதனால் ஒலித்தெளிவு கிடைத்தது உண்மை. கடலில் உள்ளோர்க்கோ, உப்பு நீர் இலவசமாக அமைத்துக்கொடுத்த பெருஞ்சாலை ஒன்று மெல்ல மூடப்படுகிறது. அதற்கு ஈடான வழி ஒவ்வொரு படகிலும் உள்ளதா என்பதை உறுதிசெய்துகொள்வது கடமையாகும்.

கடற்கரையில் பணிபுரியும் களப்பணியாளர்கள், தம் பகுதிப் படகுகள் எவ்வளவு தூரம் செல்கின்றன, எத்தனை நாள் தங்குகின்றன, எக்கருவியை எடுத்துச் செல்கின்றன என்று கேட்டு அறிதல் வேண்டும். ஏரியலின் உயரத்தைக் கேட்டு, மேற்கூறிய கணக்கினால் எல்லையைக் கணித்து, மீனவர்க்கே காட்டலாம். வி.எச்.எஃப். கருவி உள்ளது என்பதனால் ஆழ்கடலிலும் கரையோடு பேசலாம் என்று கருதும் பிழையை இக்கணக்கு உடனே நீக்கும்.

ஆசிரியர்கள் வகுப்பில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு மத்திய அலை டிரான்சிஸ்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு, நண்பகலில் ஒருமுறை, சூரியன் மறையும் வேளையில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை, அளவுகோலின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெல்லத் திருப்பி, கேட்கும் நிலையங்களை மாணவர் எழுதிவரட்டும். பின்னர் பெட்டியைக் கிடைமட்டமாகச் சுழற்றி, ஒலி மிகக் குறையும் நிலையைக் காணட்டும். அப்போது பெட்டிக்குள் உள்ள ஃபெரைட் தண்டு எத்திசையில் நீண்டுள்ளதோ, அக்கோட்டில்தான் நிலையம் உள்ளது. இருபுறத்தில் எப்புறம் என்பதை நிலப்படம் கூறும். ஒரு மாதம் இவ்வாறு குறிப்பெடுத்தால், 'டி' அடுக்கு மறைவதையும், கடலுக்கு அப்பாலிருந்து அலை வருவதையும் மாணவர் தம் செவியாலேயே அறிவர்.

சித்தூரில் படிக்கும் சிறுவன் கடலைக் கண்டிராமல் இருக்கலாம். ஆனால் அவன் வீட்டு முற்றத்தில் மாலையில் கேட்கும் ஒலி கடலையும் வானையும் தொட்டுவந்த ஒலியாக இருக்கக்கூடும். அது வந்த வழியை அறிந்த சிறுவன் நாளை வானிலை நிலையத்திலோ, ஒலிபரப்பு நிலையத்திலோ, மீன்வளத் துறையிலோ பணியேற்கும்போது, கடலில் உள்ள ஒருவனுக்குச் சொல்லவேண்டிய சொல்லை எந்த அலையில் ஏற்றி அனுப்பவேண்டும் என்பதையும் அறிந்திருப்பான்.